பல் செட் எடுக்கப் போகிறீர்களா? கீழ்த்தாடையிலிருந்து யோசியுங்கள்

அம்மாவுக்கு 66 வயதில், மிச்சமிருந்த ஏழு பல்லையும் எடுத்துவிட்டு மேலும் கீழுமாக முழு செட் போட்டோம். மேல் செட் பத்தே நாளில் பழகிவிட்டது. கீழ் செட் எட்டு மாதம் கிண்ணத்துத் தண்ணீரிலேயே கிடந்தது. கல்யாணம் காட்சி என்றால் எடுத்து மாட்டிக்கொள்வார். பந்தியில் உட்கார்ந்ததும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொள்வார். “சாப்பிடத்தான் பல்லு வாங்கினோம். இதைக் கழற்றினாத்தாண்டி எனக்குச் சாப்பிடவே முடியுது” என்று அவர் சொன்ன அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாமல் அவரைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

அதற்கப்புறம் அம்மாவுக்காகவும் மாமாவுக்காகவும் தஞ்சாவூர், திருச்சி என்று பல கிளினிக்குகள் ஏறி இறங்கினேன். சொந்தத்தில், தெருவில் யாருக்குப் பல் போனாலும் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள்: “அக்ரிலிக்கா, ஃப்ளெக்சிபிளா, இம்பிளான்ட்டா, எதுப்பா நல்லது?” (அக்ரிலிக் என்றால் கெட்டிப் பிளாஸ்டிக் செட், ஃப்ளெக்சிபிள் என்றால் வளையும் நைலான் செட், இம்பிளான்ட் என்றால் எலும்பில் திருகு பதித்து அதன்மேல் நிறுத்தும் பல்.) இந்தக் கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. யார் வாய், அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும். நான் மருத்துவர் இல்லை. வாயைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். ஆனால் அவர் முன்னால் உட்காரும்போது எதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று தெரிந்து போனால் பாதி தவறு குறையும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

மிச்சமிருக்கும் பல் எத்தனை, எங்கே இருக்கிறது? எண்ணிக்கையைவிட இடம்தான் முக்கியம். பின்னால் ஒரு கடைவாய்ப்பல் உறுதியாக நின்றால், நடுவில் போன பற்களுக்கு இரண்டு பக்கமும் தாங்கல் இருக்கிறது. பின்பக்கம் மொத்தமும் போய் முன்பல் மட்டும் நின்றால், செட்டின் பின்பாதி வெறும் ஈறின் மேல்தான் உட்கார வேண்டும். இரண்டும் வேறு வேறு கணக்கு.

கீழ்த்தாடை எலும்பு எப்படி இருக்கிறது? பல் எடுத்த இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகும். முதல் வருடம் வேகமாக, அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்காமல். செட் அணிந்தவர்களை 25 வருடம் வரை தொடர்ந்து கவனித்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-ல் வெளியிட்ட ஆய்வில், கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கரைந்திருந்தது. பல் போய்ப் பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு வருகிறவர்களுக்குக் கீழே செட் உட்கார வேண்டிய ஈறு மேடே இல்லாமல் சமதளமாக இருப்பது இதனால்தான்.

வாயில் ஈரம் இருக்கிறதா? மேல் செட் அண்ணத்தோடு ஒட்டி நிற்பது மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தால். சர்க்கரை நோய், சில இரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வுக்கான மாத்திரைகள், கழுத்து முகப் பகுதியில் வாங்கிய கதிர்வீச்சு, இவை வாயை வறட்டிவிடும். வறண்ட வாயில் செட் நழுவும், உரசிப் புண்ணாக்கும்.

கை நடுங்குமா, கண் தெரியுமா? கொக்கி உள்ள செட்டைக் கழற்றி மாட்ட விரல் பிடிப்பு வேண்டும். திருகிப் பொருத்திய பல்லுக்கு அடியில் தினமும் சுத்தம் செய்யப் பொறுமையும் பார்வையும் வேண்டும். இதை யாருமே கேட்பதில்லை. எனக்கு இது பணத்தைவிடப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

உடல்நிலையும் மாத்திரையும். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் அமில ஊசியோ எடுத்தவர்கள், பல் பிடுங்குவதற்கு முன்பே அதைச் சொல்லியாக வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றால் இம்பிளான்ட் பேச்சையே சர்க்கரை இறங்கிய பிறகு எடுக்கலாம்.

எத்தனை தடவை போய் வர முடியும்? ஒரு முழு செட்டுக்கே ஐந்து தடவையாவது போக வேண்டும். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெரியவருக்கு இதுவும் ஒரு விலை.

பணத்தைக் கடைசியில் வைக்கிறேன், ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்பதற்காக.

## பிடுங்கும் முன் ஒரு கேள்வி

“எல்லாம் ஆடுது, மொத்தமா எடுத்துட்டு ஒரே செட்டா போட்டுடலாம்” என்பது சொல்லவும் கேட்கவும் சுலபம். அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. கீழே கோரைப்பல் இரண்டும் ஓரளவு நன்றாகவே இருந்தன என்று பழைய எக்ஸ்ரேயைப் பார்த்த வேறொரு மருத்துவர் பின்னால் சொன்னார். அந்த இரண்டுக்கும் வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்கு வெட்டி, வேரை மட்டும் உள்ளேயே விட்டு, அதன்மேல் செட்டை உட்கார வைத்திருக்கலாமாம். வேர் இருக்கும் இடத்தில் எலும்பு அவ்வளவு சீக்கிரம் கரையாது, செட்டும் அங்கே இங்கே ஓடாது. எல்லா வேரும் இதற்கு ஆகாது. ஈறு நோயில் எலும்பு போன பல்லைக் காப்பாற்ற முடியாதுதான். ஆனாலும் “இதில் வைத்துக்கொள்ளக்கூடிய பல் ஒன்றாவது இருக்கிறதா?” என்று கேட்காமல் நாற்காலியில் சாயாதீர்கள். முக்கியமாகக் கீழ்த்தாடையில்.

## எல்லாப் பல்லும் போனவர்களுக்கு

### அக்ரிலிக் முழு செட்

நம் ஊரில் பெரும்பாலானவர்கள் போடுவது இதைத்தான். மாவு வைத்து அளவு எடுப்பது, மறுபடி துல்லியமாக ஓர் அளவு, மெழுகில் கடி பார்ப்பது, மெழுகில் பல் பதித்து வாயில் வைத்துப் பார்ப்பது, அப்புறம் செட் கையில் வருவது. இந்த ஐந்தில் நான்காவது வருகையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்லின் நிறம், நீளம், உதடு எவ்வளவு தூக்கி நிற்கிறது, எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள அதுதான் கடைசி வாய்ப்பு. பல் இருந்த காலத்துப் புகைப்படம் ஒன்றும், அந்த முகத்தை நன்றாகத் தெரிந்த ஒருவரும் கூடவே போக வேண்டும்.

மேல் செட் பெரும்பாலும் யாரையும் ஏமாற்றுவதில்லை. அண்ணம் முழுவதும் பரவி, உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. அண்ணம் மூடுவதால் ரசத்தின் சூடு முதலில் தெரியாது, ருசியும் கொஞ்சம் மந்தமாகத் தோன்றும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. லாட வடிவத்தில் ஒரு குறுகிய மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நாக்கு தள்ளுகிறது, வெளியே கன்னமும் உதடும் தள்ளுகின்றன. “அம்மா, நாக்கைப் பின்னாடி இழுக்காதீங்க, முன்பல்லுக்குப் பின்னால் தொட்டபடி வச்சிருங்க” என்று மருத்துவர் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நாக்கைப் பின்னிழுத்தால் காற்றுப் புகுந்து செட் எழும்பிவிடும். இது பழக்கம்தான், பலருக்கு வந்துவிடுகிறது. மேடு நன்றாக இருந்து, பல் எடுத்து அதிக நாள் ஆகாதவர்களுக்குக் பெரும்பாலும் வரும்.

மெல்லும் பலத்தைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். முழு செட்டின் கடி, சொந்தப் பல்லின் கடியில் கால் பங்கு அளவுதான். இட்லி, சோறு, வெந்த காய்கறி, மீன், நன்றாக வெந்த கறி, சப்பாத்தியைக் குழம்பில் ஊறவைத்து, இதெல்லாம் சரி. முறுக்கு, சீடை, கரும்பு, முழுக் கொய்யா இவற்றுக்கு ஆசை இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: செட் வந்த பிறகு புண் ஆகும் இடங்களை ராவ இரண்டு மூன்று தடவை போக வேண்டும். எலும்பு கரையக் கரைய செட் தளரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை உள்பக்கம் புதுப் பூச்சு கொடுத்து இறுக்க வேண்டியிருக்கும். ஐந்திலிருந்து எட்டு வருடத்தில் புது செட். தளர்ந்த செட்டை ஒட்டும் பவுடரால் வருடக்கணக்கில் ஓட்டுவது செலவும்கூட, கெடுதலும்கூட. துத்தநாகம் கலந்த பசையை அளவுக்கு மீறிப் பல வருடம் போட்டவர்களுக்கு உடலில் செம்புச்சத்து குறைந்து நரம்பு பாதித்ததால், 2010-ல் ஒரு பெரிய நிறுவனம் தன் பசையிலிருந்து துத்தநாகத்தையே எடுத்துவிட்டது.

பல் பிடுங்கிய அன்றே மாட்டிவிடும் செட்டும் உண்டு. வெளியில் நாலு பேரைப் பார்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் புண் ஆறி ஈறு சுருங்கியதும் அது பொருந்தாது. சில மாதத்தில் பூச்சுக் கொடுக்கவோ புதிதாகச் செய்யவோ வேண்டும் என்பதையும் சேர்த்தே விலை கேளுங்கள்.

### இரண்டு இம்பிளான்ட், அதன்மேல் கழற்றி மாட்டும் கீழ் செட்

அம்மாவுக்குக் கடைசியில் விடிவு கிடைத்தது இதில்தான். ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கீழ்த்தாடையில் கோரைப்பல் இருந்த இடத்தில் இடம் வலமாக இரண்டு டைட்டானியத் திருகுகளை எலும்புக்குள் பதிக்கிறார்கள். டைட்டானியத்தோடு எலும்பு தானாகவே இணைந்துவிடும் என்பதைக் கண்டுபிடித்தவர் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965-ல் முதல் நோயாளிக்கு அதைப் பல்லுக்காகப் பயன்படுத்தினார். எலும்பு இணைய மூன்றிலிருந்து ஆறு மாதம் விடுவார்கள். அப்புறம் திருகின் தலையில் ஒரு குமிழ். செட்டின் உள்பக்கத்தில் அதைக் கவ்வும் ஒரு வளையம். சட்டைப் பிரஸ் பட்டன் மாதிரி ‘டக்’ என்று உட்காரும், விரலால் இழுத்தால் வரும்.

இம்பிளான்ட் என்றாலே கழற்ற முடியாத பல் என்று பலர் நினைக்கிறார்கள். இது இரவில் கழற்றிக் கழுவுகிற செட்தான். சாப்பிடும்போதும் பேசும்போதும் இடத்தை விட்டு நகராது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் அம்மாவின் செட்டைக் கிண்ணத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. 2002-ல் கனடாவின் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல் இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இந்த இரண்டு இம்பிளான்ட் செட் என்று ஒப்புக்கொண்டார்கள். நாங்கள் முதல் செட் எடுத்தபோது இப்படி ஒன்று இருப்பதாகவே யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

பழைய கீழ் செட் நல்ல நிலையில் இருந்தால் அதிலேயே வளையத்தைப் பொருத்தித் தர முடியும். எங்களுக்கு அப்படித்தான் செய்தார்கள். மேல் செட்டைத் தொடவே இல்லை.

மறைந்திருக்கும் செலவு: ஸ்கேன் கட்டணம் தனி. எலும்பு போதாவிட்டால் எலும்பு சேர்க்கும் சிகிச்சை தனி. உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேயும். அம்மாவுக்கு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோம். திருகைச் சுற்றித் தினமும் துலக்காவிட்டால் அங்கேயும் ஈறு நோய் வந்து எலும்பு போகும். எந்த நிறுவனத் திருகு, என்ன அளவு என்று எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போனால் அது இல்லாமல் உதிரிப்பாகம் தேட முடியாது. புகைப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பு கூடுதல். வயது மட்டும் ஒரு தடை இல்லை.

### நான்கு அல்லது ஆறு இம்பிளான்ட், கழற்ற முடியாத பல்

சொந்தப் பல்லுக்கு மிக அருகில் வருவது இதுதான். முறுக்குக்கும் கொய்யாவுக்கும் ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரி. இரண்டு இம்பிளான்ட் செட்டைப் போலப் பல மடங்கு செலவு. அடியில் நுழையும் தனி பிரஷ் வைத்துத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். 55 வயதில் அது சரிதான். 80 வயதில் படுக்கையில் விழுந்தால் இன்னொருவர் வந்து செய்ய வேண்டும். கழற்றும் செட்டாக இருந்தால் மகளோ மருமகளோ எடுத்துக் கழுவிவிடலாம். திருகி வைத்ததை யார் கழற்றுவது? நடுக்குவாதம், மறதி நோய் ஆரம்பித்த பெரியவர்களுக்கு இதை எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

## சில பல் மட்டும் போனவர்களுக்கு

மாமாவுக்கு 58 வயது. கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப்பற்கள் போய், முன்னால் எட்டுப் பல் உறுதியாக இருந்தன. ‘கம்பி தெரியாது, உடையாது’ என்று ஒரு கிளினிக்கில் ஃப்ளெக்சிபிள் செட் போட்டார்கள். ஆறு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் மெல்லும்போது பின்பக்கம் ஈறில் அழுந்தி வலி. நைலான் வளைகிறது இல்லையா, கடிக்கிற அழுத்தம் முழுக்க ஈறுக்கே போய்விடுகிறது. அடுத்த வருடம் இன்னொரு பல் ஆடி விழுந்தது. அதில் ஒரு பல்லைச் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்டால், “இதில் சேர்க்க முடியாது, புதிதாகத்தான் செய்யணும்” என்றார்கள். இரண்டாவது முறை வேறு இடத்தில் உலோகச் சட்டம் போட்ட செட் செய்துகொண்டார்.

அக்ரிலிக் பகுதி செட். விலை குறைவு, சீக்கிரம் கிடைக்கும், இன்னொரு பல் விழுந்தால் சுலபமாகச் சேர்க்கலாம். தடிமன் அதிகம். ஈறின் மேல் மட்டும் உட்காருவதால் நாளடைவில் பக்கத்துப் பற்களின் ஈறை உரித்து இறக்கிவிடும். இம்பிளான்ட்டுக்குக் காத்திருக்கும்போதும், மிச்சப் பல்லும் ஒவ்வொன்றாகப் போகும் நிலையில் இருக்கும்போதும் இதுவே புத்திசாலித்தனமான தேர்வு. நிரந்தரம் என்று நினைத்துப் போட வேண்டாம்.

ஃப்ளெக்சிபிள் செட். முன்னால் ஒன்றிரண்டு பல் போனவர்களுக்கும், அக்ரிலிக் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் நன்றாகப் பொருந்தும். பாக்கு, குட்கா பழக்கத்தால் உள்கன்னம் நார்போல இறுகி வாய் திறக்க முடியாமல் போனவர்களுக்கு, வளைத்து நுழைக்க முடிகிற இந்த வகைதான் சில நேரம் ஒரே வழி. பூச்சுக் கொடுத்து இறுக்குவது கடினம், பல் சேர்ப்பதும் கடினம், நாளாக நாளாகச் சொரசொரப்பாகிக் கறை பிடிக்கும். பின்பல் நிறையப் போனவர்கள் விளம்பரத்தைப் பார்த்து இதற்குப் போகாதீர்கள்.

உலோகச் சட்ட செட். கோபால்ட்-குரோமியத்தில் வார்த்த மெல்லிய சட்டம். மிச்சப் பற்களின் மேல் சின்னப் பள்ளம் எடுத்து அதில் தாங்கல் வைப்பார்கள். ஆகவே அழுத்தத்தில் ஒரு பங்கைப் பல்லே சுமக்கிறது, ஈறு தப்பிக்கிறது. அண்ணம் பெரும்பாலும் திறந்திருக்கும். பல் சேர்க்கலாம், பின்பக்கம் பூச்சுக் கொடுக்கலாம். புன்னகைத்தால் கொக்கி தெரியலாம். கொக்கி பிடிக்கும் பல்லில் சொத்தை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தப் பல் போனால் செட்டே ஆட்டம் காணும். நிக்கல் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மிச்சப் பல் நன்றாக இருந்து பின்பல் போனவர்களுக்கு, கழற்றும் வகைகளில் என் முதல் வாக்கு இதற்குத்தான்.

பிரிட்ஜ். இரண்டு பக்கமும் பல் இருந்து நடுவில் ஒன்றிரண்டு போனால், பக்கத்துப் பற்களில் கேப் போட்டு, அவற்றோடு சேர்த்து நடுப்பல்லை நிரந்தரமாகக் கட்டிவிடலாம். பக்கத்துப் பற்களைச் சுற்றி ராவ வேண்டும். அவற்றுக்கு ஏற்கெனவே வேர் சிகிச்சை ஆகி கேப் தேவைப்படுகிறது என்றால் பிரிட்ஜ் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பழுதே இல்லாத பல்லை இதற்காக ராவுவதென்றால், ஒற்றை இம்பிளான்ட்டையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வகை | எதன் மேல் நிற்கிறது | மெல்லுவது | பின்னால் மாற்ற, சேர்க்க | பின்னால் வரும் செலவு | யாருக்கு நல்லது |
|---|---|---|---|---|---|
| அக்ரிலிக் முழு செட் | ஈறு | மென்மையான உணவு | சுலபம் | பூச்சு, 5–8 வருடத்தில் புதிது | மேல்தாடைக்கு. கீழே மேடு நன்றாக இருப்பவர்களுக்கு |
| இரண்டு இம்பிளான்ட் கீழ் செட் | திருகும் ஈறும் | நன்று | சுலபம் | வளையம், சுத்தம், பூச்சு | கீழ் செட் நிற்காதவர்களுக்கு |
| கழற்ற முடியாத இம்பிளான்ட் பல் | எலும்பு | மிக நன்று | மருத்துவர் மட்டுமே | அதிகம் | கையும் பொருளும் திடமாக உள்ளவர்களுக்கு |
| அக்ரிலிக் பகுதி செட் | ஈறு | சுமார் | மிகச் சுலபம் | சீக்கிரம் மாற்ற வேண்டும் | இடைக்காலத்துக்கு |
| ஃப்ளெக்சிபிள் | ஈறு | சுமார் | கடினம் | பழுதானால் புதிதே | ஒன்றிரண்டு முன்பல். வாய் திறக்காதவர்கள் |
| உலோகச் சட்ட செட் | பல்லும் ஈறும் | நன்று | முடியும் | கொக்கிப் பல்லின் பராமரிப்பு | பின்பல் போய் முன்பல் உறுதியானவர்கள் |
| பிரிட்ஜ் | பக்கத்துப் பல் | மிக நன்று | முடியாது | தாங்கும் பல் கெட்டால் எல்லாம் புதிதே | நடுவில் ஒன்றிரண்டு போனவர்கள் |

## பணத்தைப் பற்றி

நான் விசாரித்த தனியார் கிளினிக்குகளில் அக்ரிலிக் முழு செட் 12,000 ரூபாயிலிருந்து 30,000 வரை சொன்னார்கள். இம்பிளான்ட் ஒன்றுக்கு 20,000-க்கு மேல்தான் எல்லா இடத்திலும். ஊருக்கு ஊர் இது மாறும். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் விபத்தில் பல் போனால் தவிர இதற்குப் பணம் தராது என்பதால் கையிலிருந்துதான் போகும்.

கையில் இருப்பது அளவான பணம் என்றால் மேலுக்கும் கீழுக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். மேலே சாதாரண அக்ரிலிக் செட் போதும். அங்கே விலை உயர்ந்த பல், இறக்குமதிப் பல் என்று கூட்டும் தொகையைக் கீழே இரண்டு திருகுக்குச் சேர்த்து வையுங்கள். இந்த வருடம் முடியவில்லையா, கீழேயும் அக்ரிலிக் போட்டுக்கொண்டு அடுத்த வருடம் திருகு வைத்து அதே செட்டில் வளையம் பொருத்தலாம். ஆனால் பத்து வருடம் தள்ளிப்போட்டால் திருகு வைக்க எலும்பு போதாமல் போகலாம்.

அதுவும் முடியாதவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1953-லிருந்து இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுக் கல்லூரிகள், அப்புறம் மாவட்டங்களில் உள்ள தனியார் கல்லூரிகள். அங்கே செயற்கைப் பல்லுக்கென்றே தனித் துறை உண்டு. மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் அடுத்த கட்டம். அலைச்சல் கூடுதல். ஒரு வேலைக்கு அரை நாள் ஆகும். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அப்படிச் செய்துகொண்டு, கிளினிக்கில் போட்டவர்களைவிட நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஒரே நாளில் நிரந்தரப் பல் கட்டித் தருகிறேன் என்று, படிப்பும் பதிவும் இல்லாதவர்கள் சந்தையிலும் சின்னக் கடைகளிலும் செய்வது. பக்கத்துப் பல்லில் கம்பியைச் சுற்றி, வாயிலேயே அக்ரிலிக் மாவைக் குழைத்து ஊற்றிக் கட்டிவிடுவார்கள். கழற்றவும் முடியாது, துலக்கவும் முடியாது. உள்ளே ஈறு அழுகி, நன்றாக இருந்த இரண்டு பல்லும் சேர்ந்து ஆடத் தொடங்கும்போதுதான் தெரியும். பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

## செட் வீட்டுக்கு வந்த பிறகு

எந்தக் கழற்றும் வகையை எடுத்தாலும் இரவில் கழற்ற வேண்டும். ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரை மூன்று வருடம் கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அண்ணம் சிவந்து பூஞ்சை படிவதும் இரவில் கழற்றாதவர்களிடம்தான் அதிகம். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் மென்மையான பிரஷும் போதும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் அக்ரிலிக் கோணிவிடும். கழுவும்போது அடியில் ஒரு வாளித் தண்ணீரோ மடித்த துண்டோ இருக்கட்டும், கை நழுவினால் உடையாது.

பல் மொத்தமும் செட் ஆனாலும் வருடம் ஒரு தடவை மருத்துவர் வாயைப் பார்க்க வேண்டும். வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் கட்டாயம் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணைச் ‘செட் உரசிய புண்’ என்று விட்டுவிடக் கூடாது.

செட் செய்யக் கொடுக்கும்போதே உள்பக்கத்தில் பெயரின் எழுத்துகளைப் பதித்துத் தரச் சொல்லுங்கள். அம்மா கண் ஆபரேஷனுக்குப் போனபோது கழற்றிய செட்டைக் காகிதத்தில் மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார். படுக்கை விரிப்போடு அது சலவைக்குப் போய்விட்டது. மறுநாள் மூட்டையிலிருந்து எடுத்த செட்டில் ‘ச.இ.’ என்று இருந்ததைப் பார்த்துத்தான் வார்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.